பாலாற்றுக் கரையும் என் பரிவட்டமும்

ஆற்றங்கரை கட்டுகிற உத்தியோகத்தில் ஒரு விசேஷம் உண்டு: கரை நின்றால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், உடைந்தால் மட்டும் "எவன்யா கட்டினது?" என்று ஊரே பெயர் விசாரிக்கும். கூரை ஒழுகும்போது மட்டும் ஞாபகத்துக்கு வரும் கொத்தனார்களே, கரண்டு போனால் மட்டும் திட்டு வாங்கும் லைன்மேன்களே, நீங்களெல்லாம் என் கட்சி. உங்களிடம் சொன்னால்தான் என் பாடு விளங்கும்.

அறுபதுகளின் கடைசியில் காஞ்சிபுரத்தில் நான் ஒர்க் இன்ஸ்பெக்டர். பெண் பார்க்கப் போன வீட்டில் இன்ஸ்பெக்டர் என்றதும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்கள். 'மண் வேலை, கல் வேலை பார்க்கிறவர்' என்று என் மாமா விளக்கம் சொன்னதும் காப்பி வரத் தாமதமாகிவிட்டது. அப்படிப்பட்ட பதவி.

செவிலிமேட்டிலிருந்து கொஞ்சம் சைக்கிள் மிதித்தால் பாலாற்றின் வடகரையில் ஒரு ஊர் வரும். பெயர் வேண்டாம், அங்கே எனக்குத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முந்தின வருஷ மழையில் அங்கே கரை உடைந்துபோயிருந்தது. உடைப்பை அடைத்து, கரையை உயர்த்தி, கல் பதிக்க வேண்டும் என்று என்னை அனுப்பினார்கள். கரைக்கு அடியிலேயே காலனி. அதைத் தாண்டி வயல். அதையும் தாண்டி, மேட்டில் ஊர், பெருமாள் கோயில், நெசவுக்காரர் தெரு. வெள்ளம் எப்போது வந்தாலும் முதலில் காலனிக்குள்தான் நுழையும்.

வெளியூர் போன ஆறு

பாலாற்றைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வருஷத்தில் முக்கால்வாசி நாள் அது வெறும் மணல். பையன்கள் நடு ஆற்றில் கிட்டிப்புள் ஆடுவார்கள். பெண்கள் ஊற்று தோண்டிக் குடத்தில் மொண்டு போவார்கள். அந்த மணலுக்குப் பக்கத்தில், மாசி வெயிலில், மண்டை காய நின்று ஆளுயரத்துக்கு மேல் கரை எழுப்பினால் பார்க்கிறவனுக்குச் சிரிப்பு வராமல் என்ன செய்யும்? பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகச் சிரித்தார்கள். வண்டிக்காரர்கள் மாட்டை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள்.

ஒருநாள் கீரைக்கட்டு ஏற்றிய சைக்கிளில் ஒருவர் வந்து இறங்கினார். மணலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். கரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து ரொம்ப அக்கறையாகக் கேட்டார்: "ஆறு எங்கனா வெளியூர் போயிருக்குதா சார்? அது திரும்பி வர்றதுக்குள்ள முடிச்சுடணும்னுதான் இவ்ளோ அவசரமா?"

காலைக் கேள்வி

சிரிக்காத ஒரே ஆள் முனியம்மா. மண் சுமக்கிற பெண்கள் எல்லோருமே அந்தக் காலனிதான். அவர்களில் முன்னால் நடப்பவள் இவள். முந்தின வருஷ உடைப்பில் அவள் வீட்டுச் சுவர் கரைந்து, கூரை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டது. அதற்கப்புறம் அவளும் அவள் புருஷன் கோவிந்தனும் மண்ணைக் குழைத்து, ஒரு அடுக்கு வைத்து, அது காய்ந்தபின் அடுத்த அடுக்கு வைத்து, புதுச் சுவர் எழுப்பியிருந்தார்கள். மகள் ராணி தலைப்பிரசவத்துக்கு ஐப்பசியில் தாய் வீட்டுக்கு வருகிறாள். பச்சைப் பிள்ளையோடு அவள் இருக்கிற வரைக்கும் அந்தச் சுவர் நிற்க வேண்டும். முனியம்மாவுக்கு ஆற்றைப் பற்றி வேறு எந்தக் கவலையும் கிடையாது.

காலையில் நான் சைக்கிளை ஸ்டாண்டு போடுவதற்குள் வந்துவிடுவாள். "சார், இந்த வருஷம் கரை நிக்குமா?" "நிக்கும்மா" என்பேன். இது எங்கள் இலாகா பதில், மூச்சு விடுகிற மாதிரி தானாக வரும். ஒருநாள் அவள் கூடையைத் தலைக்கு ஏற்றாமல் இடுப்பிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். போன வருஷம் எனக்கு முன்னால் இருந்தவரும் இதையேதான் சொன்னாராம். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவள் சொன்னாள்: "முன்னாடியே நிக்கும் நிக்கும்னு சொல்லாதீங்க சார். நின்னப்பறம் வந்து, நின்னுச்சு முனியம்மான்னு சொல்லுங்க, கேட்டுக்கறேன்."

பாவின் ஒரு முனை

தறியில் ஏற்றுவதற்கு முன்னால் பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு நீட்டிக் கட்டி, சிக்கெடுத்து, கஞ்சி தெளித்துக் காயவைப்பார்கள். பாவு போடுவது என்று பெயர். காஞ்சிபுரத்தில் பிறந்தவர்களுக்கு இதையெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஊர் நெசவுக்காரர் தெருவில் அப்போது சாக்கடைக்காகக் குழி வெட்டிப் போட்டிருந்தார்கள். பாவு போட நீளமான, நேரான, மேடு பள்ளமில்லாத இடம் வேண்டும். நாங்கள் திமிசுக்கட்டையால் இடித்து இடித்து மட்டம் பிடித்து வைத்திருந்த கரையைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்? விடிந்து நான் போய்ப் பார்த்தால் கரைமேல் குச்சி நட்டு, அந்தக் கோடி வரை மாம்பழ நிறத்தில் பட்டு மின்னிக்கொண்டிருந்தது.

எனக்கு வந்ததே கோபம். "சர்க்கார் கரையில் ஓட்டை போட உங்களுக்கு யார் சொன்னது?" என்று தொண்டை கிழியக் கத்தினேன். கத்திக்கொண்டே இருக்கும்போது ஆற்றுப் பக்கமிருந்து ஒரு காற்று அடித்தது. ஒரு குச்சி சாய்ந்தது. பாவின் முனையைப் பிடித்திருந்த ஆள் அந்தக் குச்சியைப் பிடிக்க ஓடினார். ஓடுவதற்கு முன் "சார், இத்த கெட்டியா புடிங்க, உட்டுடாதீங்க" என்று முனையை என் கையில் திணித்துவிட்டார். விட்டால் யாரோ ஒரு பெண்ணின் கல்யாணப் புடவை மொத்தமும் சிக்கு விழுந்துவிடும். இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அந்த நேரம் பார்த்தா எங்கள் அசிஸ்டென்ட் இன்ஜினியரின் ஜீப் வர வேண்டும்? கையை எடுத்தால் பாவு போகும், எடுக்காவிட்டால் வணக்கம் சொல்ல முடியாது. ஆணி அடித்த மாதிரி நின்ற என்னைச் சுற்றி வந்து பார்த்தார் அவர். "என்னய்யா, சம்பளம் பத்தலன்னு தறியும் போட்டுட்டியா?"

ஏகாம்பரத்தின் ஆடுகள்

மழை பட்டுக் கரை மண் கரையாமல் இருக்க, சரிவில் அருகம்புல் பதிப்போம். அதைக் காவல் காக்க லஸ்கர் என்று ஒரு சிப்பந்தி உண்டு. எங்கள் லஸ்கர் ஏகாம்பரம். காக்கி நிக்கர், கையில் தடி, கரையில் காலையும் மாலையும் நடந்து பார்க்க வேண்டியது அவர் வேலை.

புல் வேர் பிடித்திருக்கும் என்று ஆசையாகப் போய்ப் பார்த்தேன். சரிவு முழுக்க மழுங்கச் சிரைத்த மாதிரி இருந்தது. நடுவே ஆடுகள் வயிறு உப்பப் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. யார் ஆடு என்று விசாரித்தால் ஏகாம்பரத்தின் ஆடுகளேதான். நான் குதித்த குதியில் ஆடுகூட எழுந்து நின்றது, ஏகாம்பரம் அசையவில்லை. தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பொறுமையாகச் சொன்னார்: "கன்ட்ராக்டர் மண்ணைத் தின்னாரு, ஆடு புல்லைத் தின்னுது. நான் ஒண்ணும் தின்னல சார், நீங்க என்னையே பார்த்து கத்துறீங்க."

வீட்டோரத்து மண்

இனிமேல் வருவதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. கரைக்கு மண் எடுக்கும்போது கரையின் காலடியில் தோண்டக்கூடாது, தள்ளிப்போய் எடுக்க வேண்டும். எங்கள் வேலையில் கற்றுக்கொடுக்கிற முதல் பாடமே இதுதான். காலடியில் குழி இருந்தால் ஆற்றுத் தண்ணீர் கரைக்கு மேலே ஏற வேண்டியதே இல்லை. அடியில் கசிந்து குழி வழியாகப் பொங்கிவிடும்.

தள்ளிப்போனால் வயல். வயல்காரர்கள் பட்டா நிலத்தில் மண்வெட்டி பட்டால் தெரியும் சேதி என்று வரப்பில் வரிசையாக வந்து நின்றார்கள். இன்னும் தள்ளிப்போகக் கன்ட்ராக்டருக்கு லாரி அனுப்ப மனசில்லை. மிச்சமிருந்தது காலனிக்காரர்களின் வீட்டோரத்துப் புறம்போக்கு. அங்கே வரப்பும் இல்லை, வந்து நிற்க ஆளும் இல்லை. இருந்த ஆட்கள் எல்லோரும் எங்களிடமே கூலி வேலையில் இருந்தார்கள். அசிஸ்டென்ட் இன்ஜினியரிடம் போய்ச் சொன்னேன். "முதல்ல கரை எழும்பட்டும், குழியை அப்புறம் மூடலாம்" என்றார். அந்த 'அப்புறம்' எப்போது வரும் என்று உங்களுக்கும் தெரியும்.

கோவிந்தன் மண்வெட்டி பிடிக்கிறவன். தன் வீட்டு வாசலிலிருந்து கூப்பிடு தூரம்கூட இல்லாத இடத்தில் அவனே தோண்டினான். அவன் தோண்டியதை அவன் பெண்டாட்டி கரைமேல் கொண்டுபோய்க் கொட்டினாள். சாயங்காலம் கைகால் கழுவிக்கொண்டு குழியையும் கரையையும் மாறி மாறிப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டு சைக்கிள் செயினைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவன் என்னிடம் சண்டைக்கு வரவில்லை, வந்திருந்தால் தேவலையாக இருந்திருக்கும். "முன்ன ஆத்தைப் பார்த்து மட்டுந்தான் பயந்துக்கினு இருந்தோம் சார். இப்ப இந்தப் பள்ளத்தையும் பார்த்து பயப்படணும், அவ்ளோதான்."

சாமி வழி

சித்ரா பௌர்ணமிக்கு ஊர்ப் பெருமாள் ஆற்றுக்கு எழுந்தருளுவார். மணலில் பந்தல், வாணவேடிக்கை, பானகம் எல்லாம் உண்டு. முன்பெல்லாம் கரை தாழ்வாக இருந்தது. பல்லக்கு சுலபமாக ஏறி இறங்கியது. நாங்கள் உயர்த்திய கரையில் அப்படிப் போக முடியாது. செங்குத்தான இடத்தில் பல்லக்கு சாயும், சாமி சாயக்கூடாது. அதனால் ஊர் இளைஞர்கள் கூடி, பல்லக்கு போகிற அகலத்துக்குக் கரையை வெட்டி இரண்டு பக்கமும் சரிவு செய்துவிட்டார்கள். நான் போய்ப் பார்க்கும்போது பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது கரை. தர்மகர்த்தா நல்ல மனுஷன். எப்போது போனாலும் எனக்கு மோர் கொடுக்காமல் அனுப்ப மாட்டார். "திருவிழா முடியட்டும் தம்பி, அடைச்சிக்கலாம்" என்றார்.

திருவிழா முடிந்தது. முனியம்மா கூட்டத்தைக் கூடையோடு கூட்டிக்கொண்டு போனேன். தர்மகர்த்தா தூரத்திலிருந்தே கையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். "தம்பி, இவங்க வேணாம். சாமி போன வழி. இவங்க கொட்டக்கூடாது." சரி, ஊர் ஆட்களே வந்து கொட்டட்டும் என்றேன். அவருடைய வேட்டியைக் கழற்றித் தரச் சொன்ன மாதிரி என்னைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற இளைஞர்கள் சிரித்தார்கள். கரையை வெட்ட வந்தவர்களுக்கு அடைக்க மட்டும் கை வரவில்லை. மண் கூடை தூக்குவது அவர்கள் வேலை இல்லையாம்.

நாங்கள் பேசிக்கொண்டிருந்த நேரம் முழுவதும் பெண்கள் தலையில் மண்ணோடு நின்றுகொண்டிருந்தார்கள். கடைசியில் அசிஸ்டென்ட் இன்ஜினியரிடம் போனேன். "ஊர் வழக்கம்யா, அதுல நாம தலையிட வேணாம். மணல் மூட்டை கட்டி அடுக்கி வை, மழை வந்தா போட்டுக்கலாம்" என்று முடித்துவிட்டார். திரும்பி வந்து அதை அந்தப் பெண்களிடம் சொன்னேன். முனியம்மா கரையை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இந்தக் கரை மொத்தமும் நாங்க கொட்டின மண்ணுதானே சார்? அது மேல ஏறித்தானே சாமி போனாரு? அப்ப ஒண்ணும் ஆவலியே?"

தண்ணீர் வந்த அன்று

கார்த்திகையில் மேற்கே நல்ல மழை. ஒரு காலைப்பொழுதில் பாலாறு இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாகச் செம்மண் நிறத்தில் ஓடியது. நான் போய்ச் சேரும்போது தண்ணீர் சாமி வழியின் வாய்க்குப் பக்கத்தில் வந்துவிட்டிருந்தது. அது உள்ளே நுழைந்தால் காலனி முதலில் போகும், அப்புறம் அறுவடைக்கு நிற்கிற வயல் போகும். ராணிக்குக் குழந்தை பிறந்திருந்தது. அவளையும் குழந்தையையும் பக்கத்து வீட்டுக்காரர்கள் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிப் போயிருந்தார்கள்.

ஊர்க்காரர்கள் குடையோடு கரைமேல் நின்றார்கள். தர்மகர்த்தா குடைகூட இல்லாமல் நனைந்துகொண்டு காலனியைப் பார்த்துக் கூவினார். "முனியம்மா, கோவிந்தா, எல்லாரும் வாங்க, வந்து மூட்டையைப் போடுங்க." ஒவ்வொருவர் பெயரும் அவருக்குத் தெரிந்திருந்தது. வந்தார்கள். முனியம்மா மட்டும் வெட்டின இடத்தின் விளிம்பில் நின்றுவிட்டாள். "இறங்கலாமாங்க?" என்றாள். அவர் அவசரமாகத் தலையை ஆட்டினார். "வாயால சொல்லுங்க சாமி." தண்ணீர் சத்தத்துக்கு நடுவே அவர் சொன்னார், "இறங்கும்மா." அதற்கப்புறம்தான் கால் வைத்தாள். அன்று நானும் மூட்டை தூக்கினேன். அதைப் பெருமையாகச் சொல்லவில்லை, அன்றைக்கு என்னால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான்.

முதுகுப் பக்கம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோருக்கும் கண் ஆற்றின் மேலேயே இருந்தது. மத்தியானத்துக்கு மேல் தண்ணீர் ஏறுவது நின்று, மூட்டை தாங்கிக்கொண்டது. அப்போதுதான் காலனிப் பக்கமிருந்து குரல் கேட்டது. கரையின் அடியில் கசிந்த தண்ணீர், நாங்கள் தோண்டிய பள்ளங்களில் பொங்கி, ஒன்றோடு ஒன்று சேர்ந்து, வீடுகளின் காலைப் பிடித்திருந்தது. அடுக்கு அடுக்காகக் காயவைத்துக் கட்டிய சுவர் முனியம்மாவின் கண்ணெதிரே உட்கார்ந்தது. அவள் இடுப்பளவு தண்ணீரில், கையில் மூட்டையோடு நின்று பார்த்தாள். நானும் பார்த்தேன். ஏகாம்பரம் கரைமேல் மூச்சிறைக்க ஓடிவந்து, வாயெல்லாம் பல்லாக, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "சார், கரை நின்னுடுச்சு சார்."

பரிவட்டம்

வெள்ளம் வடிந்ததும் முதல் வேலையாகச் சாமி வழியில் மந்திரம் சொல்லி, மூட்டைகள்மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்துத் தீட்டுக் கழித்தார்கள். அடுத்த வேலையாகக் கோயிலில் எங்கள் இலாகாவுக்கு மரியாதை. அசிஸ்டென்ட் இன்ஜினியருக்கு வேறு ஜோலி, என்னை அனுப்பிவிட்டார். நாதஸ்வரம் வாசித்தார்கள். மாலை போட்டார்கள். பெருமாள் சன்னதியில் பட்டுத் துணியை மடித்து என் தலையில் பரிவட்டம் கட்டினார்கள். "பெருமாள் தடுத்தார், இவர் கருவி" என்று தர்மகர்த்தா பேசினார். மூட்டை சுமந்தவர்கள் பேச்சில் வரவில்லை. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். மரியாதையை மறுத்தால் இலாகாவுக்குக் கெட்ட பெயர் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, கழுத்தை வாகாக நீட்டிக்கொண்டு நின்றேன். நெற்றி மட்டும் காந்தியது.

வெளியே வந்தால், காலனிக்காரர்கள் வழக்கமாக நின்றுவிடுகிற தெருமுனையில் முனியம்மா நின்றுகொண்டிருந்தாள். பரிவட்டத்தை அவிழ்க்கப் பின்னால் கையைக் கொண்டுபோனேன். முடிச்சு இறுகியிருந்தது, வரவில்லை. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பள்ளிக்கூடம் திறக்கப் போகிறார்கள், வாத்தியார் இடத்தைக் காலி பண்ணச் சொல்கிறார், சுவர் எழுப்ப வேண்டும் என்றாள். வீட்டோரம் முழுக்கத் தண்ணீர், மண் எடுக்க இடமில்லை. "எங்க ஊட்டாண்ட எடுத்த மண்ணு கரையிலதான் இருக்குது சார். ஒரு சுவத்துக்கு மட்டும் எடுத்துக்கட்டுமா?"

மனசு என்னவோ நினைத்தது. ஆனால் வாய் உத்தியோகத்தில் பழகிய வாய், முந்திக்கொண்டது. "கரை மண்ணைத் தொடக்கூடாதும்மா. அது இப்ப சர்க்கார் மண்ணு, கேஸ் ஆயிடும்." சொல்லி முடித்ததும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அவள் கோபப்படவில்லை. கூடையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "சரி சார். அப்ப அந்த சர்க்காரையே கேட்டு சொல்லுங்க, ராணி புள்ளைய எங்க படுக்கவைக்கிறதுன்னு."

நான் கட்டியதில் உடையாமல் நின்ற ஒரே கரை அதுதான் என்று இலாகாவில் எனக்கு நல்ல பெயர். அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போது மட்டும் கரை தெரியாத பக்கத்து ஜன்னலாகப் பார்த்து உட்கார்ந்துகொள்கிறேன்.